இரண்டு காலுக்கும் ஒரே தோல்

தைபேய்க்குப் போகிறேன் என்று பாக்டரி முழுக்கச் சொல்லிவிட்டாள் போங்சி. சொன்ன மறுவாரம்தான் முட்டி வலிக்க ஆரம்பித்தது.

யுவான்லின் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற தங்க வாத்து பவுலிங் கூடத்திலிருந்து ஆறு பெண்களைத் தைபேய்ப் போட்டிக்கு அனுப்பப்போகிறார்கள். ஆளுக்கு முப்பது ஆட்டம். ஆடும் முன் கவுண்டரில் பெயர் கொடுத்துவிட வேண்டும். பந்தை உருட்டிச் சாய்த்த மரக்குப்பிகளையெல்லாம் கூட்டி, மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆறு பேரைப் பலகையில் எழுதுவார்கள். அந்த வருடம் தீவு முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவன் அரிசி மண்டியை இடித்துப் பவுலிங் கூடம் கட்டினான். இன்னொருவன் சினிமாக் கொட்டகையை இடித்துப் பவுலிங் கூடம் கட்டினான். ரோட்டோரம் பாக்கு விற்கிறவன்கூடச் சொந்தப் பந்து வைத்திருந்தான். பிடிக்கிற பைத்தியம் நாற்பத்தேழு வயதுக்காரியை மட்டும் விட்டுவிடுமா?

அவள் பெயருக்கு அர்த்தம் ‘கிடக்கட்டும், வளர்ப்போம்’ என்பது. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தால் அப்பன் வேறென்ன பெயர் வைப்பான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கோ, கோயில் திருவிழாவில் கொடி பிடிக்கவோ, எதற்குமே யாரும் அவளைப் பொறுக்கி எடுத்ததில்லை. இந்தப் பந்து ஒன்றுதான் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

அவள் விடுவது பம்பரப் பந்து. தடியன்கள் பதினாறு பவுண்டுப் பந்தை வளைத்து வளைத்து விடுவார்கள். போங்சி பதினோரு பவுண்டுப் பந்தின் தலைமேல் கையை வைத்து, விடுகிற நொடியில் ஜாடி மூடியைத் திருகுவதுபோல் ஒரு திருகு திருகுவாள். பந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டே நேராகப் போகும். முதல் குப்பியில் பட்டதும் பக்கவாட்டில் எகிறி, சந்தைக் கூட்டத்தில் மாடு புகுந்ததுபோல் மற்றதையெல்லாம் தள்ளிவிடும். பார்க்க அழகில்லை. ஆனால் சாயும்.

இருபது ஆட்டம் முடிந்தபோது அவள் கணக்கு மூவாயிரத்து நானூற்று இருபது. சைக்கிள் பாக்டரிப் பெண் ஒருத்தி முப்பதையும் ஆடி முடித்து, ஐயாயிரத்து நாற்பதோடு ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்ட, மிச்சமிருந்த பத்து ஆட்டத்தில் போங்சிக்கு ஆட்டத்துக்கு நூற்று அறுபத்திரண்டு போல வந்தால் போதும். வழக்கமாக நூற்று எழுபது எடுக்கிறவள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது அதற்குப் பிறகுதான்.

முட்டி வலிக்குக் காரணம் வாடகை ஷூ என்று குவோ சொன்னான். கூடத்துக்குள்ளேயே கண்ணாடி அலமாரி வைத்துப் பந்தும் ஷூவும் விற்கிறவன் குவோ. ஷூ விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்றுதான் போங்சி முதலில் நினைத்தாள். ஆனாலும் வாடகை ஷூவைப் பற்றி அவளுக்கே புகார் இருந்தது. அவள் அளவு எப்போது கேட்டாலும் வெளியே போயிருக்கும். ஒரு அளவு பெரியதைக் கொடுத்து, முன்னால் காகிதம் திணித்துக்கொள் என்பார்கள். முந்தின ஆளின் வியர்வை உள்ளே கதகதவென்று இருக்கும். அடிப்பக்கம் இரண்டும் தேய்ந்து வழவழத்துப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை குவோ அலமாரியைத் திறந்து கடுகு நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். போங்சி போட்டுப் பார்க்கவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தாள். பசை நல்ல பசை. விரல் பக்கத்தை அமுக்கினாள். துணி அல்ல, தோல். பிறகு குதிகாலோடு குதிகால் ஒட்டி, இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்தாள். இருபத்தாறு வருடமாக அவள் செய்கிற வேலை அது. ஊருக்குத் தெற்கே இருக்கிற ஷூ பாக்டரியில் செக்கிங் மேசை அவளுடையது. ஜோடியில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புக் கூடையில் விழும். அவள் கூடையில் போட்டதை முதலாளி வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டாள்.

“என்னது இது?”

“ஷூக்கா.”

“ஷூன்னு எனக்குத் தெரியாதா? இடதுக்குத் தோல் போட்டிருக்கு, வலதுக்கு ரப்பர் போட்டிருக்கு. எந்தக் குருட்டுப்பய செக்கிங்ல இருந்தான்?”

“அது அப்படித்தான்க்கா. பவுலிங் ஷூன்னா...”

“அப்படித்தான், அப்படித்தான். அழுகின கொய்யாவை விக்கிறவளும் அப்படித்தான்னுதான் சொல்றா. ரெண்டு ஜோடியில ஒத்தை ஒத்தையா மிஞ்சியிருக்கும், சேத்துக் கட்டிட்டான். என்கிட்டயே காட்டுறியே தம்பி!”

“சொல்றதக் கொஞ்சம் கேளுக்கா. வலது கையில ஆடுறவங்களுக்கு...”

“கையைப் பத்தி நான் கேட்டனா? நான் காலைப் பத்திப் பேசிட்டிருக்கேன்.”

ஒன்பதாம் தடத்தில் பந்து மாட்டிக்கொண்டு மூன்று பேர் குவோவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

“வேணாம்னா வச்சிட்டுப் போக்கா. எனக்கு ஆயிரம் வேலை.”

“வேணாம்னு யாரு சொன்னா? ரிஜெக்ட் விலைக்குக் குடு.”

போன வருடத்து நிறம், யாரும் தொடாத சரக்கு. குவோ பாதி விலை சொல்லிவிட்டு ஒன்பதாம் தடத்துக்கு ஓடினான். போங்சிக்கு அதுவே அத்தாட்சி. ஒழுங்கான சரக்காக இருந்தால் எந்தக் கடைக்காரன் கேட்டவுடன் பாதியாகக் குறைப்பான்? தவிர, வாடகை ஷூவில் இரண்டு அடியும் ஒன்றாகத்தானே இருக்கிறது? பொய் சொல்கிறவன் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டாமா?

திங்கட்கிழமை காலையில் ஷூவை ஒட்டுப் பிரிவுக்கு எடுத்துப்போய் ஆசுங்கின் முன்னால் வைத்தாள். அடித்தோல் ஒட்டுவதில் அவனை மிஞ்ச அந்தப் பாக்டரியில் ஆள் இல்லை. அவனும் போங்சியின் சிவப்புக் கூடைக்குப் பயந்தவன்தான்.

“இந்த ரப்பரை உரிச்சிட்டு, இடதுல இருக்கிற மாதிரியே தோல் போடு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

ஆசுங் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். “அக்கா, ஒட்டினவன் தேர்ந்த ஆளா இருக்கான். பாத்தா வேணும்னே போட்ட மாதிரியில்ல இருக்கு?”

“வேணும்னே எவனாச்சும் ஒத்தைக் காலுக்கு ரப்பர் போடுவானா? உனக்குத் தலையில ஒரு பக்கம் மட்டும் முடி கொட்டியிருக்கே, அதுவும் வேணும்னேதானா?”

பக்கத்து மெஷினில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆசுங் ஷூவை எடுத்துக்கொண்டான். சூடு காட்டி உரித்தான். சுரண்டினான். கையிருப்பில் இருந்ததிலேயே நல்ல தோலாகப் பார்த்து வெட்டி, சொல்யூஷன் தடவி, அடுப்பில் காட்டி, அழுத்தத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தான். போங்சி கவிழ்த்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இப்படி அல்லவா இருக்க வேண்டும் ஒரு ஜோடி!

செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஆடினாள்.

நாலு எட்டு வைத்துப் பந்தை விடுவது அவள் வழக்கம். மூன்றாவது எட்டில் வலது கால் தரையை உந்தித் தள்ளும். நாலாவதில் இடது கால் வழுக்கிக்கொண்டு போய்க் கறுப்புக் கோட்டுக்கு முன்னால் நிற்கும். அன்று வலது கால் தள்ளிய இடத்தில் தரையே இல்லாததுபோல் இருந்தது. பாசி படிந்த படியில் காலை வைத்ததுபோல் பின்னால் ஓடியது. விழாமல் இருக்கத் தொடையை இறுக்கினாள். பந்து ஒரு பக்கம் போனது, திருகு ஒரு பக்கம் போனது. நூற்று அறுபத்து மூன்று. அடுத்தது நூற்று ஐம்பத்தைந்து.

புதுஷூ, பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை மூன்று ஆடினாள்; மூன்றும் நூற்று அறுபதைத் தாண்டவில்லை. வலது தொடையின் உள்பக்கம் ஊசி குத்துவதுபோல் ஒரு வலி பிடித்துக்கொண்டது. தரையில் எண்ணெய் அதிகம் போட்டிருக்கிறான் என்று கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டாள். எண்ணெய் தடத்தில்தான் போடுவோம், நீ ஓடுகிற இடத்தில் இல்லை என்றார்கள். மற்றவர்களுக்கு வழுக்கவில்லையே என்று கேட்டார்கள். மற்றவர்கள் என்ன கொடுத்தார்களோ என்றாள் போங்சி.

சோறு இறங்கவில்லை. செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே கால் தானாக நாலு எட்டு வைத்தது. கையில் ஷூவைத் தூக்கினால் மணிக்கட்டு தானாகத் திருகியது. எண்ணிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஐந்து ஆட்டம். ஆட்டத்துக்கு இனி எவ்வளவு வேண்டும்? நேற்றைவிடக் கூடுதல். அதை மறுபடி கூட்டினாள், வேறு விடை வராதா என்று.

வியாழக்கிழமை மத்தியானம் பாக்டரியில் விளக்கை அணைத்து எல்லோரும் மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கும் அரை மணி நேரம். போங்சி கடுகு நிற ஷூவை மாட்டிக்கொண்டு, தையல் மெஷின் வரிசைகளுக்கு நடுவில் கையில் பந்தில்லாமல் எட்டு வைத்துப் பழகினாள். ஒன்று, இரண்டு, மூன்று, வழுக்கு. திரும்பி நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் வலது கால் பிய்த்துக்கொண்டு போக, அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளின்மேல் போய் விழுந்தாள். அறுபது பெட்டி சரிந்தது. நூறு தலைகள் நிமிர்ந்தன.

யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் நாத்தனார் சுன்மெய் இரண்டாவது வரிசையில் தைக்கிறவள். கன்னத்தில் மேசைத் தடத்தோடு எழுந்து பார்த்தாள்.

“என்ன அண்ணி, தைபேய்க்கு இங்கேயிருந்தே வழுக்கிக்கிட்டுப் போறீங்களா?”

“நீ படுத்துத் தூங்குடி.”

“லீவு எழுதி வாங்கியாச்சு, புதுச் சட்டை எடுத்தாச்சு. இப்ப அண்ணி அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வீட்ல உக்காந்து டிவியில பாக்கப் போறாங்க.”

“பாக்கிறது நீதான். வாயில ஈ போறதுகூடத் தெரியாமப் பாப்ப.”

பதிலுக்குப் பதில் சொல்லிவிட்டாள். ஆனால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு ஆட்டம். கடைசியில் விழுந்தது நூற்று நாற்பத்தெட்டு. அவள் அந்த மாதத்தில் ஆடியதிலேயே கேவலமான ஆட்டம் அது.

வெள்ளிக்கிழமை கோ என்ற எலும்பு வைத்தியரிடம் போனாள். அவர் தொடையை அமுக்கினார்; அவள் அவருடைய அப்பாவைத் திட்டினாள். கறுப்பு மருந்துப் பத்து ஒன்றைச் சூடாகப் போட்டு இறுக்கிக் கட்டினார்.

“நாரு பாதி பிஞ்சிருக்கு. ரெண்டு வாரம் பந்தைத் தொடாத.”

“நாளைக்கு மூணு ஆட்டம் பாக்கி இருக்கு.”

“அப்ப முழுசாப் பிஞ்ச பிறகு வா. ஆமா, வலது காலு எங்கேயோ பிடிமானமில்லாம வழுக்கி வழுக்கி இப்படி ஆயிருக்கு. எதும் எண்ணெயில மிதிச்சியா?”

“அதைத்தான் நானும் சொல்றேன்! எண்ணெய்! ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்.”

வைத்தியரைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் வந்தது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை பாக்டரி அரை நாள். பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கணக்கை மூடுவார்கள். இருபத்தேழு ஆட்டத்தில் நாலாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது. சைக்கிள் பெண்ணைத் தாண்ட இன்னும் ஐந்நூற்று இருபத்திரண்டு வேண்டும், மூன்று ஆட்டத்தில். இந்தக் காலை வைத்துக்கொண்டு.

பெஞ்சில் லியாவ் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டிருந்தாள். பேங்கில் வேலை பார்க்கிறவள்; பட்டியலில் இரண்டாவது. சொந்தப் பந்து, சொந்த ஷூ, பந்துக்குத் தனியாக ஒரு துண்டு. அவளோடு போங்சி அதுவரை பேசியதில்லை. துண்டு வைத்திருக்கிறவளோடு என்ன பேச்சு. லியாவ் கால்மேல் கால் போட்டு நாடாவைக் கட்டினாள். வலது அடி தெரிந்தது, ரப்பர். காலை மாற்றிப் போட்டாள். இடது அடி தெரிந்தது, தோல்.

போங்சிக்கு அன்று முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. பேங்க்காரியையும் ஏமாற்றியிருக்கிறானே!

“ஏம்மா, அந்த ஷூ குவோகிட்ட வாங்கினதா?”

“ஆமாக்கா.”

“முழு விலை குடுத்தியா?”

“குடுத்தேன். ஏன்?”

“நல்லா மிளகா அரைச்சிட்டான் உன் தலையில. கவுத்துப் பாரு, ஒண்ணு தோலு, ஒண்ணு ரப்பரு. எனக்கும் இப்படித்தான் ஒண்ணைத் தள்ளிவிடப் பாத்தான். நான் யாரு? பாதி விலைக்கு வாங்கி, எங்க பாக்டரியில குடுத்து ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். பாரு!” என்று தன் ஷூவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

லியாவ் அந்த அடியைப் பார்த்தாள். போங்சியின் தொடைக் கட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரிப்பு கைக்கு மேலே கண்ணில் வந்துவிட்டது.

“அக்கா, எல்லா பவுலிங் ஷூவும் அப்படித்தான் இருக்கும். இடது காலு வழுக்கணும், அதுக்குத் தோலு. வலது காலு தள்ளணும், அதுக்குப் பிடிமானம் வேணுமில்ல, அதுக்குத்தான் ரப்பரு.”

“வாடகை ஷூவுல ரெண்டும் தோலாத்தான இருக்கு?”

“இடதுகைக்காரனும் வலதுகைக்காரனும் அதையே மாத்தி மாத்திப் போடணும்லக்கா, அதுக்காக அப்படி. தேஞ்சுபோன பழைய தோலு அவ்வளவா வழுக்காது. இது புத்தம்புதுத் தோலு. இதை வச்சா இந்த வாரம் பூரா தள்ளினீங்க?”

பக்கத்துத் தடத்தில் இருந்தவன் காதில் அது விழுந்தது. அவன் அடுத்தவனிடம் சொன்னான். ஷூ பாக்டரியில் செக்கிங் பார்க்கிறவளாம் என்று அடுத்தவன் சொன்னான். கவுண்டர்வரை சிரிப்பு போய்த் திரும்பி வந்தது.

போங்சிக்குக் காது சுட்டது. யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்ட ஆள் கிடைக்கவில்லை. வாடகை ஷூவைக் கேட்டாள். சனிக்கிழமைக் கூட்டம், அவள் அளவும் இல்லை, அதற்கு அடுத்த அளவும் இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டியபடியே ஸ்கூட்டருக்கு ஓடினாள்.

ஆசுங் பாக்டரி வாசலில் தூண்டிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். சனிக்கிழமை என்றால் காசு கட்டித் தொட்டியில் இறால் பிடிக்கப் போய்விடுவான்.

“ஆசுங்! திரும்பு. வலதுக்கு ரப்பர் ஒட்டு.”

“எந்த வலது?”

“எனக்கு எத்தனை வலது இருக்கு?”

அவன் ஷூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அன்னைக்கே சொன்னேனேக்கா, வேணும்னே போட்ட மாதிரி இருக்குன்னு.”

“சொன்ன. கத்திச் சொன்னியா? உனக்குத் தெரிஞ்ச வேலையில எவளாச்சும் குறுக்க வந்தா கத்த வேணாமா?”

“உங்ககிட்டயா? கத்தவா?”

போங்சி ஷூவை அவன் கையில் திணித்து, அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

தோலை உரிக்கப் பத்து நிமிடம். சுரண்டப் பத்து நிமிடம். சொல்யூஷன் தடவி வைத்தான். போங்சி உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்யூஷனை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“தொடாதீங்கக்கா! காயணும்.”

“எவ்வளவு நேரம்?”

“காயிற வரைக்கும். இன்னொரு கை தடவி, அதுவும் காயணும்.”

“விசிறவா?”

“விசிறினா தூசி உக்காரும். போய் ஏதாச்சும் தின்னுட்டு வாங்க.”

வாசலில் பன்றிக்கறி மாவுருண்டை விற்கிற வண்டிக்குப் போய் ஒரு கிண்ணம் வாங்கினாள். ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம்தான் போயிருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஷூ அவள் கைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் குதிகாலோடு குதிகால் ஒட்டிக் கவிழ்த்தாள். ஒன்று வெளிறிய தோல், ஒன்று கறுத்த ரப்பர். கை தானாகச் சிவப்புக் கூடை இருக்கும் பக்கம் நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பைக்குள் போட்டாள்.

மூன்றேகாலுக்கு முதல் ஆட்டம். நடக்கும்போதே ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலும் வைத்ததுபோல் இருந்தது. வாரம் முழுக்க வழுக்கலுக்குப் பயந்து சுருங்கிக் கிடந்த கால், இப்போது பிடிமானம் கிடைத்ததும் அளவு தெரியாமல் உதைத்தது. பந்து வேகமாகப் போய்த் திருகு பிடிக்கும் முன்பே குப்பியைத் தாண்டியது. ஆறாவது உருட்டலுக்குப் பிறகுதான் கால் கொஞ்சம் அடங்கியது. நூற்று அறுபத்தொன்று.

லியாவ் தன் முப்பது ஆட்டத்தையும் என்றோ முடித்துவிட்டவள், பழகத்தான் வந்திருந்தாள். வீட்டுக்குப் போகாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “உதைக்காதீங்கக்கா. சும்மா ஊனுங்க, அதுவே தள்ளும்” என்றாள்.

“நீ உன் துண்டைப் பாரு.”

ஆனாலும் ஊன்றிப் பார்த்தாள். இரண்டாவது ஆட்டத்தில் நூற்று எழுபத்தெட்டு வந்தது. தொடையில் கட்டியிருந்த துணி நனைந்து மருந்து முழங்காலுக்கு வழிந்தது. ஒவ்வொரு உந்தலுக்கும் உள்ளே ஒரு தையல் விட்டுப்போவது அவளுக்கே தெரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் நூற்று எண்பத்து மூன்று வேண்டும். குறைந்தால் சைக்கிள் பெண்.

ஒரு ஆட்டத்துக்குப் பத்து முறை. முறைக்கு இரண்டு உருட்டல். பத்தையும் சாய்த்துவிட்டால் அடுத்து விழுவதையும் ஒரு தடவை கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஒன்பது முறை முடிந்தபோது நூற்று அறுபத்தைந்து. கூட்டிப் பார்க்கப் பென்சில் தேவையில்லை: பதினெட்டு. கடைசி முறையில் இரண்டு உருட்டலுக்குள் பத்தையும் சாய்த்தால் இன்னொரு உருட்டல் இனாம். முதல் உருட்டலில் ஏழு. இரண்டாவதில் ஓரத்தில் முக்காலிபோல் நின்ற மூன்றையும் தட்டிவிட்டாள். இப்போது அந்த இனாம் உருட்டலில் எட்டு வேண்டும்.

குவோ அலமாரியைப் பூட்டிவிட்டு வந்து நின்றான். “அக்கா, மெதுவா விடு. காலு போயிடும்.”

“மெதுவா விட்டா பம்பரம் தலையாட்டி விழும்டா.”

பந்தை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஊன்றினாள். ரப்பர் தரையைக் கவ்வியது. தொடைக்குள் பழைய சாக்கு கிழிவதுபோல் ஒரு சத்தம், அவளுக்கு மட்டும் கேட்டது. அதே நொடியில் கை திருகியது. பந்து போய்விட்டது. போங்சியும் போனாள். இடது முட்டி மடங்கி, முகம் குப்புறக் கறுப்புக் கோட்டைப் பார்த்து விழுந்தாள். உடம்பில் எந்த இடம் அந்தக் கோட்டைத் தாண்டினாலும் மணி அடிக்கும். அந்த உருட்டலில் சாய்ந்தது எதுவும் கணக்கில் வராது. பின்னால் கிடந்த வலது கால் தரையை விடவில்லை. அதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அவள் விரல்கள் கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் விரிந்து கிடந்தன.

குப்பி சாய்கிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்க முடியவில்லை.

“மணி அடிச்சுதா?”

“இல்லக்கா” என்றாள் லியாவ். அதற்குள் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள்.

“எத்தனை?”

“ஒம்போது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. ஆடிக்கிட்டு நிக்கிறது எதும் இருக்கா?”

“ஒண்ணுதான் நிக்குது. அதுவும் ஆடல. ஒம்போதுக்கா.”

ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்டருக்குப் பக்கத்து மேசை முன்னால் வைத்தார்கள். குவோ ஐஸ் கொண்டுவந்தான். யாரோ பப்பாளிப் பால் வாங்கி வைத்தார்கள். ஐந்து மணிக்குப் பலகையில் ஆறாவது பெயரை அழித்து எழுதினான் கவுண்டர்க்காரன். ஐயாயிரத்து நாற்பத்திரண்டு. இரண்டு குப்பி வித்தியாசம்.

“பேரைச் சரியா எழுதியிருக்கானா? தள்ளு, மறைக்கிற.”

“சரியாத்தான் எழுதியிருக்கான்” என்றான் குவோ. கொஞ்சம் தயங்கினான். “அக்கா, கோவிச்சுக்காத. ஆட முடியாதவங்க புதன்கிழமைக்குள்ள சொல்லிடணும். அடுத்த ஆளு போகும்.”

“எந்த அடுத்த ஆளு?”

“சைக்கிள் பாக்டரிப் பொண்ணுதான்.”

“நான் ஆட முடியாதுன்னு சொன்னனா?”

“நடக்கவே முடியலையேக்கா.”

“தைபேய்க்கு நடந்தா போறோம்? ரயில்ல உக்காந்துதான போறோம்?”

லியாவ் சிரித்தாள். குவோ சிரிக்கவில்லை. “போட்டிக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு” என்றான்.

பதிமூன்று நாள் என்றால் எத்தனை மருந்துப் பத்து, எத்தனை கட்டு என்று போங்சி மனதுக்குள் கூட்ட ஆரம்பித்திருந்தாள். வைத்தியர் இரண்டு வாரம் என்றார். வைத்தியன் எப்போதும் ஒரு நாளாவது கூட்டித்தான் சொல்வான். பலகையில் இருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் வலது காலை மெல்லத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். உயிர் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊன்றிப் பார்த்தாள்.